உதறாத வலை

மூச்சு வருகிறது. விரலை ஜோவியின் மூக்குக்கு அடியில் வைத்தால் வருகிறது, எடுத்துவிட்டால் வருகிறதா இல்லையா என்று தெரியாது, அதனால் எடுக்காமலே வைத்திருக்கிறேன், வைத்து வைத்துக் கை மரத்து, இந்தச் சூடு பிள்ளையின் மூச்சா என் விரலின் சூடா என்று புதிதாக ஒரு சந்தேகம் வந்து, விரலை எச்சிலால் நனைத்துத் திரும்ப வைக்கிறேன், ஈரத்தில் லேசாகக் குளிர்ச்சி தட்டுகிறது, வருகிறது, மூச்சுதான். இனிக் கொஞ்ச நேரத்துக்கு இது போதும் என்று நினைத்து முடிப்பதற்குள் போதாமல் போய்விடுகிறது. கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பிள்ளை. நைட்டியின் விளிம்பைச் சுருட்டிக் காலுக்கு அடியில் செருகியிருக்கிறேன். ஒரு நூல்கூடக் கட்டிலை விட்டுக் கீழே தொங்கக் கூடாது. ஜன்னல் மாடத்தில் ஒரு மெழுகுவர்த்தி, இன்னும் முழுசாக இருட்டவில்லை, ஆனாலும் ஏற்றிவிட்டேன். வெளியே காற்று. இதைக் காற்று என்று சொல்வது சரியில்லை, காற்று என்றால் துணியைக் காய வைப்பது, அடுப்பை அணைத்து வம்பு பண்ணுவது. இது வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எங்கே கை போட்டால் பெயர்த்து எடுக்கலாம் என்று தடவிப் பார்க்கிறது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. ஆனால் நான் பயப்படுவது அதற்கில்லை. என் வீட்டுக்காரர், இவர், பக்கத்தில் இருந்திருந்தால் காற்றுக்குப் பயப்பட நேரம் கிடைத்திருக்கும். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே அறை முழுக்க வலை குவிந்து கிடக்கிறது. வலைக்குள் அது இருக்கிறது.

இருக்கிறதா. பார்த்தேனா. பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மாறிவிடுகிறது, முதலில் அதன் தலை வலப்பக்கம் இருந்தது, இப்போது இடப்பக்கம் இருந்ததாகத் தோன்றுகிறது. காலையிலேயே வலைகளை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று இவர் நிலைகொள்ளாமல் இருந்தார். புயல் என்றால் இந்தக் கரையில் ஆளுக்கு முன்னால் வலை வீட்டுக்குள் வரும், பிறகு ஆடு, பிறகு ஆள். மற்ற நாளில் வலையை உள்ளே எடுப்பதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, இரண்டு பேர் இரண்டு தலைப்பைப் பிடித்து, பாயை உதறுவது போலப் பாகம் பாகமாக உதறுவார்கள், மணல் விழும், காய்ந்த நண்டுக் கால் விழும், சங்குப்பூச்சி விழும், ஒருநாள் ஒரு தேள்கூட விழுந்தது, அதற்குப் பிறகுதான் வாசல் தாண்டி உள்ளே விடுவார்கள். இந்த வலை வேலை இல்லாமல் ஓலைக் கொட்டகையில் ஒரு வாரமாகக் குவியலாகவே கிடந்தது. இவரும் இவருடைய அக்கா பிலோமி மைனியும் நானும் அதைத் தலைப்பு பார்க்காமல், முனை பார்க்காமல், செத்த மாட்டை இழுப்பது போல இழுத்து வந்தோம். மழை ஊசி ஊசியாகக் கண்ணில் குத்தியது. "உதறலியா?" என்று நான்தான் கேட்டேன். இவர் சிரித்தார். "இந்தக் காத்து உதறாததையா புள்ள நான் உதறிறப் போறேன்." மைனியும் சிரித்தாள். மூன்று பேருமாகச் சிரித்தோம். பிறகு இவர் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, "இப்ப வாடையில அடிக்கும், நடுவுல நிக்கும், நின்னுட்டா முடிஞ்சுதுன்னு வெளிய வந்திராதீங்க, பெறகு சோழகத்துல, தெக்கேருந்து, திருப்பி அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, படகை ஓடைக்குள் கொண்டு போய் மற்றப் படகுகளோடு பிணைத்துக் கட்ட ஓடினார். கட்டிவிட்டுத் திரும்ப வருவதில்லை, படகிலேயே இருப்பார்கள், பிணைத்த கயிறு தேய்ந்தால் மாற்றிக் கட்ட ஆள் வேண்டும். எனக்கு அது கல்யாணம் ஆன வருஷமே தெரியும். தெரிந்தும் "சாப்பிட வருவீங்களா?" என்று கேட்டேன். போன் டவர் மத்தியானமே போய்விட்டது.

மத்தியானம்தான் கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே ஓடு ஒழுக ஆரம்பித்தது. மெத்தை நனைந்துவிட்டது, அதைச் சுருட்டித் தலைமாட்டில் நிறுத்தினேன், பலகை ஈரம், தரை ஈரம், காய்ந்த இடம் என்று அறையில் இருந்தது, தண்ணீர் வடிந்துவிட்ட வலையின் முதுகு ஒன்றுதான். ஜோவி தூக்கத்தில் தலை தொங்கத் தோளில் கிடந்தாள். வலைமேல் துண்டை விரித்துப் போட்டேன். நைலான் வலை குவிந்து கிடந்தால் இலவம்பஞ்சு தோற்றுப்போகும், இங்கே எல்லாப் பிள்ளைகளும் வலைமேல் தூங்கித்தான் வளர்ந்திருக்கிறார்கள், மைனியின் மகன்கள் இரண்டு பேரும், ஏன் இவரும். நான் டவுனில் வளர்ந்தவள், எனக்கு வலை என்றால் கால் சிக்கும் சாமான். ஆனாலும் இந்த ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது, பிள்ளை வலைக்குள் லேசாக அமிழ்ந்து, யாரோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டது போலக் கிடப்பாள். அப்படிக் கிடந்தாள். நான் அடுக்களைக்குப் போய் ஒழுகும் இடத்தில் வைக்கக் குண்டானைத் தேடினேன், ஜன்னல் கொக்கி கழன்று அடித்தது, அதைத் துணி கிழித்துக் கட்டினேன், இதெல்லாம் எவ்வளவு நேரம், ரொம்ப நேரம் இல்லை, கொஞ்ச நேரமும் இல்லை. குண்டானோடு திரும்பி வந்தபோது பிள்ளையின் கை மல்லாந்து விரிந்திருந்தது, கைக்குப் பக்கத்தில் வலையின் தலைக்கயிறு கிடந்தது, கறுப்புக் கயிறு. எங்கள் வலையின் தலைக்கயிறு பச்சை. அது எனக்கு உடனே தோன்றவில்லை, ஒரு கணம் கழித்துத்தான் தோன்றியது, அந்த ஒரு கணம் நான் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். கறுப்பில் மெல்லிசாக வெள்ளைக் கட்டு, கட்டுக்குக் கட்டு இடைவெளி விட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. பிறகு கயிறு தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. அவசரமே இல்லை. தன் வீட்டுக்குள் போவது போலப் போயிற்று. குண்டான் விழுந்ததும் நான் பிள்ளையை அள்ளியதும் கட்டில்மேல் நின்றதும் ஒன்றாக நடந்தன. அப்போதும் ஜோவி விழிக்கவில்லை. குண்டான் விழுந்த சத்தத்துக்கும் விழிக்கவில்லை. இப்போது அதைத்தான் நினைக்கிறேன்.

கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது. இதை எனக்கு யாராவது சொல்லாமல் விட்டிருக்கலாம். கான்வென்ட் போர்டிங்கில் என் பக்கத்துக் கட்டில் பவுலின், ஒன்பதாவது படிக்கும்போது, பரீட்சைக்கு முந்தின வாரம், படுக்கையில் எறும்பு கடிக்கிறது என்று சொல்லித் துண்டால் தட்டிவிட்டுப் படுத்தாள். நானும் என் பங்குக்கு, "சீனி தின்னுட்டு வாய் கழுவாம படுத்தா எறும்பு வராம யானையா வரும்" என்றேன். அவள் தலையணையை என்மேல் எறிந்தாள். விடியற்காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எழுந்தவளுக்குக் கண் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், பூசைக்கு வராமலிருக்க நடிக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். இமை கீழே வந்துவிட்டது, அவள் விரலால் தன் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். தர்சீசியா சிஸ்டர் வந்து பார்த்து, எங்களை வெளியே போகச் சொல்லி, "பூச்சி ஏதும் பாத்தீங்களாம்மா, கறுப்பா" என்று மட்டும் கேட்டார்கள். ஜீப் வந்தது. அதற்குப் பிறகு பவுலினைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஜெபம் பண்ணுங்கள் என்றார்கள், அவள் கட்டிலை எடுத்துவிட்டார்கள், கட்டில் நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. பிழைத்தாளா, ஊருக்குப் போனாளா, இன்றுவரை தெரியாது, கேட்டிருக்கலாம், கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. கான்வென்ட் தோட்டத்துக் கல் குகையில், கெபியில், மாதா சுரூபத்தைத் துடைக்கும் முறை என்னுடையது. மாதாவின் காலடியில் பாம்பு, வாயில் ஆப்பிள், நாக்கு ஒடிந்திருந்தது. மாதாவின் கால் வெறுங்கால், அதன்மேல் சும்மா வைத்த மாதிரி வைத்திருப்பார்கள், கட்டைவிரல் நகத்தில்கூடப் பயம் இருக்காது. பவுலின் போன பிறகு நான் பாம்பைத் துடைக்காமல் மற்றதைத் துடைத்துவிட்டு வருவேன், ஒரு மாதத்தில் மாதா வெள்ளையாகவும் அது தூசியாகவும் ஆகிவிட்டது, சிஸ்டர் கவனித்துவிட்டு, "என்ன செலஸ், அதுக்கும் சேத்துத்தானே சோப்புத்தூள் குடுத்தேன்" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சிஸ்டர், அந்தக் காலுக்குக் கீழே இருந்தது அசையவில்லை, சுண்ணாம்பு அது. இது அசைகிறது.

அசைகிறதா. மெழுகுவர்த்தி ஆடும்போது வலை முழுவதும் அசைகிறது, ஒவ்வொரு கண்ணும் விரிந்து சுருங்குகிறது, ஈயக்குண்டுகள் கண்களைப் போல மினுங்குகின்றன, வெள்ளை மிதப்புகள் ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, இடைவெளி விட்டு, கட்டுக்கட்டாக. பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருக்கவும் கூடாது, பார்க்காத நேரத்தில் அது கட்டில் காலுக்கு வந்துவிட்டால். கட்டில் சுவரை ஒட்டி நிற்கிறது, சுவரோரமாக அது ஏறுமா, ஏறாது என்று யாரோ சொன்னார்கள், ஏறும் என்றும் யாரோ சொன்னார்கள், இரண்டு பேரையும் ஞாபகமில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பிலோமி மைனியின் வீடு. ஒரே சுவர், ஒரே ஓடு, சுவர் உச்சிக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு முழம் சந்து, அதன் வழியாக எங்கள் சண்டை அவளுக்கும் அவள் குறட்டை எங்களுக்கும் கேட்கும். சுவரைத் தட்டினேன். "மைனி!" ஆடு கத்தியது. "என்னட்டி?" "மைனி, வலைக்குள்ள பாம்பு." "சத்தமாச் சொல்லு!" "பாம்பு மைனி, பாம்பு!" "ஏட்டி வெளக்கு வச்ச நேரத்துல பேரைச் சொல்லாத, பூச்சின்னு சொல்லு!" எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "பூச்சி மைனி, கட்டுப்பூச்சி, கறுப்பு!" காற்று மட்டும். பிறகு, "பிள்ள எங்க?" "மடியில." "காலைக் கீழ போடாத. நான் வரணும்னா முன்வாசலு கெடையாதுட்டி, உடைமரம் வுழுந்து முள்ளா அப்பிக் கெடக்கு, ஓட்டுத்துண்டு பறக்குது, தலைய வெளிய நீட்டுனா சீவிரும்." "வராதீங்க மைனி." "மண்ணெண்ண இருந்தா கட்டிலச் சுத்தி ஊத்து." "மெழுகுவர்த்தி எரியுது, நைலான் வலை." "சரி சரி, ஊத்தாத, ஊத்தாத, நான் ஒரு கூறுகெட்டவ." ஆடு திரும்பக் கத்தியது. "சவமே, வாயப் பொத்து! ஆடெல்லாம் கட்டில்மேல ஏறிக்கிட்டு எனக்கு எடம் தர மாட்டேங்குது செலஸ், நான் தரையில குந்திருக்கேன், கேட்டியா, எங்க வீட்டு ஆளு இருந்தப்பயும் எனக்கு இதே கதிதான்." நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் பயம் இரண்டு மடங்காக வந்தது, நான் சிரித்த அந்த நேரத்தில் மூச்சைப் பார்க்கவில்லை. பார்த்தேன். வருகிறது. ஆனால் முன்னைவிட மெதுவாக வருகிறதா.

கடிக்கவில்லை. கடித்திருந்தால் அடையாளம் இருக்கும். டார்ச்சைப் போட்டுக் கை, கால், காதுமடல், தொடையின் மடிப்பு, கழுத்தின் மடிப்பு, பால் காய்ந்து ஒட்டிய தாடைக்கு அடி எல்லாம் பார்த்தாயிற்று, உடம்பு முழுக்கக் கொசுக்கடி, சிவப்புச் சிவப்பாக, முழங்கைக்குக் கீழே இரண்டு கடி பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நேற்றும் இருந்தனவா. நேற்றுக் குளிப்பாட்டும்போது பார்த்தேனா, பிள்ளையின் உடம்பில் எத்தனை கொசு கடித்திருக்கிறது என்று தெரியாத தாயும் உண்டா, உண்டு, இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கட்டுவிரியன் கடித்தால் அடையாளமும் இருக்காது என்று பவுலினின் ஜீப் போன பிறகு சமையல்கார அக்கா சொன்னாள். பால் கொடுத்துப் பார்த்தேன். வாய் பிடித்தது, இரண்டு இழுப்பு இழுத்தது, விட்டுவிட்டது, கடைவாயில் பால் ஒழுகியது. விழுங்கியதா. தொண்டை அசைந்ததா, மெழுகுவர்த்தி அசைந்ததா. உள்ளங்காலில் சுண்டினேன், காலை மெதுவாக உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். இமையை விரலால் தூக்கினேன். விட்டேன். இமை விழுந்தது. பவுலினின் இமை மாதிரியா விழுந்தது, தூங்குகிற பிள்ளையின் இமையும் இப்படித்தானே விழும், தூங்குகிற பிள்ளையின் இமையை நான் இதற்குமுன் எப்போது தூக்கிப் பார்த்திருக்கிறேன். சாதிக்காய்தான். ஆமாம், சாதிக்காய், அதுதான், எனக்குத்தான் தெரியுமே. இடிச் சத்தத்தில் பிள்ளை பயந்து வீறிடக் கூடாது என்று, காலையில் பால் கொடுப்பதற்கு முன்னால், உரைகல்லில் சாதிக்காயை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நுனியில் எடுத்து நாக்கில் தடவினேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கக் கூடாது, ஏனென்றால் மைனி அதைக் கொடுக்க வந்தபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டவள் நான்தான். "இதெல்லாம் நரம்புக்கு ஆகாது மைனி, நர்ஸ் சொல்லியிருக்காங்க, படிச்சவங்க சொல்றதைக் கேளுங்க" என்று எல்லார் முன்னிலும் சொன்னேன், அவள் முகம் சுண்டிப்போய் உரைகல்லை மடியில் மறைத்துக்கொண்டாள். அந்தக் கல்லைத்தான் இரவல் கேட்காமலே எடுத்தேன். ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூக்கம் வருமா, காலையில் கொடுத்தது, மத்தியானத்துக்கு முன்னாலேயே தெளிந்து எழுந்து கஞ்சிகூடக் குடித்தாளே, வலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்களோடு ஓடினாளே. தெளிந்த பிள்ளை திரும்ப எதற்குச் சுருண்டது. ஒரு சுற்று இதைச் செய்யாது. அப்படியென்றால் செய்தது எது. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு நின்றுவிடுகிறது, வலையில் கால் சிக்கியது போல, உதறினால் இன்னும் இறுகுகிறது, திரும்ப மூச்சுக்கு ஓடுகிறேன், விரலுக்கு, எச்சிலுக்கு, ஈரத்துக்கு.

"மைனி." "ம்." "பிள்ள எழும்ப மாட்டேங்கிறா." "தூங்கட்டும்ட்டி." "இல்ல மைனி, எழுப்புறேன், எழும்ப மாட்டேங்கிறா, வலைமேலதான் கிடந்தா, அது அவ கைக்குப் பக்கத்துல இருந்துச்சு, கண்ணைத் தூக்குனா விழுது மைனி, விழுது." சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, உள்ளே இருந்தவரை அது சந்தேகம், சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் நடந்த விஷயம் மாதிரி ஆகிவிட்டது. காற்று ஓட்டைத் தூக்கித் தூக்கி வைத்தது, எங்கோ தகரம் ஒன்று தெருவோடு உருண்டு போனது, போய்க்கொண்டே இருந்தது. ஆசுபத்திரிக்குப் பாலம் தாண்ட வேண்டும், பாலத்துக்கு மேலே இந்நேரம் தண்ணீர், ஜீப் கிடையாது, இவர் கிடையாது. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போகலாம், போவதற்கு வலையைத் தாண்ட வேண்டும். "செலஸ்." சந்துக்குப் பக்கத்தில் குரல் கேட்டது, ஆட்டைத் தள்ளிவிட்டுக் கட்டில்மேல் ஏறி நிற்கிறாள் போல. "ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத." "சொல்லுங்க." "நீ தம்பிய வழியனுப்பிக்கிட்டு வாசல்ல நின்னப்ப பிள்ளய நான்தானே வச்சிருந்தேன்." "ஆமா." "நீ திட்டுவேன்னுதான் சொல்லல." "என்ன மைனி?" "சாதிக்கா குடுத்தேன்." காற்று குறுக்கே வந்தது, நான் காத்திருந்தேன். "கொஞ்சம் கூடத்தான் உரைச்சிட்டேன் போல, இடி இடிக்குது, பிள்ள பயந்திரக் கூடாதுன்னு. நம்ம பிள்ளைக்கு நான் கெடுதல் செய்வனாட்டி?" ஒரு சுற்றும் ஒரு சுற்றும், என் கையும் அவள் கையும், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி. "ஏட்டி, திட்டு, திட்டிரு, சும்மா இருக்காத." "இல்ல மைனி." "கோவமா?" "இல்ல." நானும் கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சொன்னால் இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று அவள் கணக்குப் போடுவாள், அவள் குரல் மாறும், அந்தக் குரலை என்னால் கேட்க முடியாது. "தண்ணியத் தெளி, உள்ளங்காலத் தேய்ச்சுக்கிட்டே இரு, பேசிக்கிட்டே இரு, எழும்பிருவா, என் மூத்தவன் ஒருநாப் பூரா தூங்குனான் தெரியுமா, இப்ப பாரு, எருமை மாதிரி இருக்கான்." தேய்த்தேன். சாதிக்காய்தான். சாதிக்காயாக இருக்கட்டும். இத்தனை நாள் நஞ்சு என்று நான் தட்டிவிட்டதை, அதுவாக இருக்கட்டும் ஆண்டவரே, அது மட்டுமாக இருக்கட்டும் என்று கேட்கிறேன். ஆனால் சாதிக்காய் கொடுத்த பிள்ளையை அது கடிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதா. இரண்டும் இருக்கலாமே. இரண்டும் ஒரே மாதிரித்தானே தூங்க வைக்கும். தேய்க்கிறேன், ஜோவி, ஜோவிம்மா, பட்டு, எழும்பும்மா, அம்மா கூப்பிடுறேன்ல, ஆடு பாரு, அத்தை வீட்டு ஆடு கட்டில்ல ஏறிட்டுது, எழும்புடி, அழு, ஒருதரம் அழு, இதற்குப் பிறகு நீ அழுதால் அம்மா உன்னை அதட்டவே மாட்டேன், எழும்பு.

காற்று நின்றது. குறையவில்லை, நின்றது, யாரோ கதவைச் சாத்தியது போல. காது அடைத்துவிட்டதோ என்று விழுங்கிப் பார்த்தேன். மெழுகுவர்த்திச் சுடர் நிமிர்ந்தது, அறைக்குள் நிழல்கள் அத்தனையும் அதனதன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தன, வலை அசையாமல் கிடந்தது, எல்லாக் கண்ணும் விழித்தபடி. "நின்னிட்டுதுட்டி" என்றாள் மைனி மெதுவாக, சத்தம் போட்டால் திரும்ப ஆரம்பித்துவிடும் என்பது போல. தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடல் இரைந்தது, அது இவ்வளவு நேரமும் இரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த அமைதிக்குள்ளே இன்னொன்றும் கேட்டது. நைலான் நூலோடு நூல் உரசும் சத்தம். உலர்ந்த சத்தம். கொஞ்சம் உரசி நின்றது. பிறகு கொஞ்சம். அது போக வழி பார்க்கிறது, கண்ணுக்குக் கண் தலையை நீட்டிப் பார்த்து, உடம்பு சிக்கி, பின்னுக்கு வந்து, அடுத்த கண்ணுக்குப் போகிறது, எனக்கு அது கண்ணால் பார்க்கிறதைவிடத் தெளிவாகத் தெரிந்தது, ஐயோ நீயும் மாட்டிக்கொண்டாய் என்று ஒரு நினைப்பு, என்ன நினைப்பு இது, இந்த நேரத்தில். எங்கே உரசுகிறது, கதவுப் பக்கமா, கட்டில் பக்கமா. காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததில் தேய்ப்பதை நிறுத்திவிட்டிருக்கிறேன். மடியில் என்னமோ அசைந்தது. ஜோவி முகத்தைச் சுளித்தாள். உதடு கோணியது, நெற்றி சிவந்தது, வாய் திறந்து சத்தமில்லாமல் திறந்தபடியே நின்றது, பெரிய அழுகைக்கு முன்னால் அவள் மூச்சை இழுத்துப் பிடிக்கும் அந்த நேரம், அது முடிவதற்குள் எனக்கு வயசாகிவிட்டது, பிறகு வந்தது, வீட்டைப் பிளந்துகொண்டு வந்தது. "அழுவுறாளா? அழுவுறாளாட்டி?" மைனி சுவரை இரண்டு கையாலும் அடித்தாள். "அழுறா மைனி." "அழட்டும்! அழட்டும்! என் மாதாவே, அழட்டும்!" அந்தப் பக்கம் அவளும் அழுதாள், ஆடுகளும் சேர்ந்துகொண்டன. கண் திறந்தது. தானாகத் திறந்தது, இரண்டு கண்ணும் முழுசாக, கறுப்பாக, ஈரமாக என்னைப் பார்த்தன, பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போயின. எச்சில் வாயோடு மோந்து பார்த்தாள். வலையிலிருந்து மீன் கவிச்சியும் தாரும் பீடிப் புகையும் கலந்த அந்த வாடை, தினமும் இருட்டில் கரையேறி வந்து இவளைத் தூக்கும் மனுஷனின் வாடை, அறை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அழுகை பாதியில் நின்றது. "ப்பா" என்றாள். வலையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ப்பா. ப்பா." மடியிலிருந்து வழுக்கிக் கட்டில் விளிம்புக்கு நகர்ந்தாள், தூங்கி எழுந்த பிள்ளைக்கு எங்கிருந்து இவ்வளவு பலம். இடுப்பைப் பிடித்தேன், வளைந்து நழுவினாள், கணுக்காலைப் பிடித்தேன். "அப்பா அங்க இல்லம்மா." உரசும் சத்தம் கட்டிலுக்கு நேர் கீழே கேட்டது. "ப்பா!" என்று வலையைப் பார்த்துச் சிரித்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், தெற்கே, தூரத்தில், உடைமரங்கள் இரையத் தொடங்கின. "தூங்குடி" என்றேன், இரண்டு கணுக்காலையும் ஒரு கையில் சேர்த்து இறுக்கி, மறு கையால் நைட்டியை விலக்கி, அவள் வாயை மார்போடு அழுத்தினேன். "தூங்கு. தூங்கு. தூங்கு."